சுண்ணாம்புக் கோட்டுக்கு முன்னால்

தருமபுரி மாவட்டத்தில் ஒரு கரட்டின் அடிவாரத்தில், மழைநீரையும் மண்ணையும் காக்கும் நீர்வடிப்பகுதிப் பணிக்காக வெட்டிய அகழியின் ஓரத்தில் நான் போய் நின்றபோது, வேலை முடிந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. சரிவின் குறுக்கே, மட்டம் சிறிதும் பிசகாமல், இரண்டடி அகலத்திலும் இரண்டடி ஆழத்திலும் வெட்டப்பட்ட நேர்த்தியான அகழி அது. தோண்டிய மண்ணைத் தாழ்வான பக்கத்தில் வரப்பாக அணைத்திருந்தார்கள். அந்த மண்ணில், உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானையோடுகள் புதிதாக உடைந்த விளிம்புகளோடு கிடந்தன. அகழியின் மேற்சுவரில், செங்குத்தாக நட்டிருந்த பலகைக்கல் ஒன்று பாதி உடைந்து நீட்டிக்கொண்டிருந்தது. இரும்புக்காலக் கல்லறை ஒன்றைச் சுற்றி அமைத்த, ஏறக்குறைய எட்டு மீட்டர் விட்டமுள்ள ஒரு கல்வட்டத்தின் வடகிழக்குப் பகுதியை அந்த அகழி அறுத்துக்கொண்டு போயிருந்தது.

அகழியை வெட்டியவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர்களுக்குக் கொடுத்த கோட்டில் அவர்கள் வெட்டினார்கள். அந்த இடத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்று என்னைக் கேட்கும் கடிதம், ஒரு அலுவலகத்தின் மேசையில் மூன்று வாரம் கிடந்துவிட்டு, வேலை தொடங்கிய பிறகுதான் என் கைக்கு வந்தது. நானும் அதற்காகக் காத்திருந்தேனே தவிர, அந்த ஊரில் வேலை நடக்கப்போகிறது என்று தெரிந்திருந்தும் முன்கூட்டியே போய்ப் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்த உடைந்த பலகைக்கல்லை அளந்து குறித்துக்கொண்டபோது மனத்தில் பதிந்த ஒன்றே இந்தப் பகிர்வின் அடிப்படை. நிலத்தைக் காக்கும் வேலையில் தொல்லியலாளனுக்கு உரிய நேரம், சரிவில் சுண்ணாம்புக் கோடு போடுவதற்கு முந்தைய நாட்கள்தான். கோடு விழுந்த பிறகு அவன் சொல்வது வேலையைத் தடுப்பதாகத்தான் தெரியும். அகழி விழுந்த பிறகு சொல்வது இரங்கல் குறிப்பாகவே முடியும்.

மண்ணையும் நீரையும் காக்கும் பணி பழைய சின்னங்களுக்கு எப்படிக் கேடாகும் என்று பலரும் கேட்கிறார்கள். கல் குவாரி அழிக்கும், நெடுஞ்சாலை அழிக்கும், மழைநீரைத் தடுக்கும் ஒரு சிறு அகழியுமா அழிக்கும் என்ற கேள்வி நியாயமானதுதான். விடை நிலத்தின் தன்மையிலேயே இருக்கிறது. இரும்புக்கால மக்கள் தம் இறந்தோரை விளைநிலத்தில் புதைக்கவில்லை. கரட்டின் அடியில், சரளையும் பாறையும் கலந்த, ஏர் இறங்காத மேட்டு நிலத்தையே ஈமக்காடாகக் கொண்டார்கள். வட்டம் அமைக்கவும் பலகைக்கல் பெயர்க்கவும் வேண்டிய கல்லும் அங்கேயே கிடைத்தது. பின்னால் வந்த ஊர்கள் அதே நிலத்தை மேய்ச்சலுக்கு விட்டன. வருவாய்க் கணக்கில் அது புறம்போக்கானது. யாரும் உழாததால்தான் அந்த வட்டங்கள் இத்தனை காலம் நின்றன. இன்றைக்கு மண் அரிப்பைத் தடுக்க எந்த நிலத்தைத் தேடுகிறோம்? கரட்டடியில், புல் தேய்ந்து, மழைநீர் நிற்காமல் ஓடும் சரளைச் சரிவைத்தான் தேடுகிறோம். பட்டா நிலத்தில் உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும், புறம்போக்கில் அந்தச் சிக்கல் இல்லை என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே இரண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டுவது தற்செயல் அன்று.

அந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. இந்தத் தொழிலில் நான் கற்ற பாடங்களில் அதுவும் ஒன்று. பதிவேட்டிலும், மாவட்டத் தொல்லியல் அலுவலகத்திற்குக் கொடுக்கும் அறிக்கையிலும் புல எண்ணும் ஜி.பி.எஸ். குறியீடும் துல்லியமாக இருக்க வேண்டும்; பொதுவில் எழுதும்போது வட்டத்திற்கும் வாசகருக்கும் நடுவே சற்றுத் தொலைவு இருக்க வேண்டும். புதையல் தேடுவோர் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

இந்த மாவட்டங்களின் கரட்டடிகள் எவ்வளவு பழமையானவை என்பதற்குப் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையே சான்று. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது. அதே மாவட்டத்தின் மல்லச்சந்திரத்தில், பலகைக்கற்களை நிறுத்தி மேலே கல் மூடிய ஈமச்சின்னங்களான கல்திட்டைகள் இன்றும் பாறை மேல் வரிசையாக நிற்பதைக் காணலாம். அவை கண்ணுக்குத் தெரிகின்றன, ஆட்கள் போய்ப் பார்க்கிறார்கள். என் கவலை, பெயரில்லாத, பட்டியலில் ஏறாத, தரைக்குமேல் ஒரு முழம்கூட எழாத வட்டங்களைப் பற்றியது.

முதல் ஊரில் பட்ட அடிக்குப் பிறகு, திட்டத்தின் செயற்குழு கூடும் முதல் கூட்டத்திலேயே போய் உட்காரத் தொடங்கினேன். பொறியாளரிடம் உத்தேச வரைபடத்தைக் கேட்டு வாங்கி, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புல வரைபடத்தோடு வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது முதல் வேலை. பழைய நிலப்பெயர்களை அதில் தேட வேண்டும். நத்தமேடு, கோட்டைமேடு, பாண்டவர்குழி, தாழிக்காடு என்று எங்காவது வந்தால், அந்தப் புல எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொள்ளலாம். ஆவணத்தில் ஏறாமல் வாய்வழக்கில் மட்டும் இருக்கும் பெயர்கள் இன்னும் மதிப்புடையவை. அவற்றைத் தெரிந்துகொள்ளக் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும்.

தொடக்கத்தில் நான், 'இங்கே பழங்காலச் சின்னம் ஏதாவது இருக்கிறதா?' என்று கேட்பேன். எல்லோரும் கோயிலைக் காட்டுவார்கள். பிறகு கேள்வியை மாற்றிக்கொண்டேன். ஆடு மேய்க்கையில் எந்தப் பக்கம் உட்காருவீர்கள், ஏர் எந்த இடத்தில் தட்டும், எந்த மேட்டில் பிள்ளைகளை விளையாட விடமாட்டீர்கள், மழைக்குப் பின் எங்கே ஓடு மிதக்கும் என்று கேட்டேன். ஓர் ஊரில் ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவர் என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். "அந்தக் காலத்துல நெருப்பு மழ பேஞ்சுதாம் சாமி. அதுக்குப் பயந்து குள்ள மனுசங்க கல்லுல வூடு கட்டிப் பூந்துக்கிட்டாங்களாம். எங்க பாட்டி சொல்லும். அந்த வூடெல்லாம் இங்கதான் இருக்குது, மேல ஆடு படுத்தா எழுப்பி வுட்டுருவோம்" என்றார். அவர் காட்டிய இடத்தில், பொறியாளரின் வரைபடத்தில் வெறும் சரிவாக இருந்த இடத்தில், பதினோரு கல்வட்டங்கள் இருந்தன. அவருடைய பாட்டியின் கதை வரலாறு அன்று என்று சொல்லலாம். ஆனால் அந்த இடத்தைத் தலைமுறை தலைமுறையாக மனத்தில் குறித்து வைத்திருந்தது அந்தக் கதைதான். என்னுடைய குறிப்பேட்டில் கதையையும் சொன்னவரின் சொற்களிலேயே எழுதிக்கொள்கிறேன்.

பிறகு நடப்பது. நடப்பதற்குக் காலமும் நேரமும் உண்டு. வடகிழக்குப் பருவமழை முடிந்து புல் காய்ந்து, ஆடுகள் மேய்ந்து தரை வெளுத்துக் கிடக்கும் மாசி, பங்குனி மாதங்கள் ஏற்றவை. முதல் கோடைமழை ஒன்று பெய்து ஓடுகள் கழுவப்பட்டிருந்தால் இன்னும் நல்லது. காலை எட்டு மணிக்குள்ளும் மாலை ஐந்து மணிக்கு மேலும் வெயில் சாய்வாக விழும்போது, புதைந்த கல்லின் முதுகும் நிழல் விடும். உச்சிவெயிலில் அதே நிலம் தட்டையாகத் தெரியும். நால்வர் பத்து மீட்டர் இடைவெளியில் வரிசையாக, சரிவின் குறுக்கே நடந்து திரும்ப வேண்டும். வட்டமாகத் தெரிவதைத் தேடிக்கொண்டு நடந்தால் பாதி தப்பிவிடும். ஒரு கல், தன் இயல்பான கிடையில் இல்லாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு நடந்தால் வட்டம் தானாகவே கூடிவரும். எலி வளையின் வாயில் தள்ளப்பட்ட மண்ணையும், புதிதாக வெட்டிய கிணற்று மண்ணையும், மின்கம்பத்துக்கு எடுத்த குழியையும் கடந்து போகக்கூடாது. நமக்காக ஏற்கெனவே தோண்டி வைத்த சான்றுகள் அவை.

இளையவர்கள் அதிகம் தடுமாறுவது கற்குவியல்களில்தான். விவசாயி தன் கொல்லையிலிருந்து பொறுக்கிக் கொட்டிய கல்லும் குவியல்தான், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்தவர் மேல் அடுக்கிய கல்லும் குவியல்தான். கையால் பழகினால் வேறுபாடு தெரியும். பொறுக்கிக் கொட்டிய குவியலில் சிறியதும் பெரியதும் கலந்து, இடையில் மண் இல்லாமல், காலை வைத்தால் கல் உருளும். கல்லின் எல்லாப் பக்கமும் ஒரே நிறமாக இருக்கும். பெரும்பாலும் உழுத நிலத்தின் ஓரத்தை ஒட்டியிருக்கும். ஈமக் குவியலில் கற்களுக்கு இடையில் மண் இறுகியிருக்கும். மேல்முகத்தில் கற்பாசி படர்ந்து சாம்பல் நிறமாகவும் அடிமுகம் வெளிர்ந்தும் இருக்கும். சுற்றிலும் மற்றவற்றைவிடப் பெரிய கற்கள் வட்டமாக அணைகட்டியிருக்கும். உள்ளே கல்லறையின் மூடுகல் இறங்கியிருந்தால் நடுப்பகுதி சற்றுக் குழிந்திருக்கும். இவற்றில் இரண்டு இருந்தாலும் அதைக் காக்க வேண்டிய பட்டியலில் சேர்த்துவிடுவேன். ஐயத்தின் பலனைக் கல்லுக்குத் தருவதில் இழப்பு ஏதுமில்லை.

இனி, நான் மிகவும் வருந்திக் கற்ற பகுதிக்கு வருகிறேன். முதல் சில ஊர்களில் நான் பொறியாளர்களிடம், 'அகழியைப் பத்தடி மேலே தள்ளுங்கள்' என்றோ 'கீழே இறக்குங்கள்' என்றோ கேட்டேன். அவர்கள் மறுத்தார்கள், நான் அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன். சம உயர அகழி என்பது ஒரே மட்டத்தில் ஓடும் கோடு. ஓரிடத்தில் அதைப் பத்தடி இறக்கினால் நீர் முழுவதும் அந்தத் தாழ்வில் வந்து சேர்ந்து கரையை உடைத்துக்கொண்டு போய்விடும். அகழி எதற்காக வெட்டப்பட்டதோ அந்தப் பயனே கெட்டு, புதிய ஓடை ஒன்று உருவாகும். இதை எனக்கு விளக்கியவர், ஏ எழுத்து வடிவில் கட்டிய மரச்சட்டத்தையும் நடுவில் தொங்கும் தூக்குக்குண்டையும் வைத்து மட்டம் குறித்துக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி. அவர் அந்தச் சட்டத்தை என் கையில் கொடுத்து இருபது அடி குறிக்கச் சொன்னார். குறித்துப் பார்த்த பிறகே நான் கேட்டுக்கொண்டிருந்தது என்ன என்று எனக்குப் புரிந்தது.

வழியும் அவர்கள் தொழிலிலேயே இருந்தது. அகழியைத் தொடராக வெட்டாமல், துண்டு துண்டாக, இடைவெளி விட்டு வெட்டும் முறை ஒன்று உண்டு. மேல்வரிசையில் இடைவெளி வரும் இடத்துக்கு நேர்கீழே, அடுத்த வரிசையில் அகழித் துண்டு வரும்படி மாற்றி மாற்றி அமைப்பார்கள். மேலே தப்பிய நீரைக் கீழே உள்ள துண்டு பிடித்துக்கொள்ளும். அப்படியானால் எனக்கு வேண்டியது, இடைவெளி எங்கே விழவேண்டும் என்று சொல்லும் உரிமை மட்டும்தான். வட்டம் இருக்கும் இடத்தில் இடைவெளி விழட்டும். மட்டமும் மாறாது, நீரும் வீணாகாது. அதன்பின் எந்தப் பொறியாளரும் மறுத்ததில்லை. 'வெட்டாதீர்கள்' என்பதைவிட 'இந்த இடைவெளியை இங்கே விடுங்கள்' என்பது எளிதில் ஏற்கப்படுகிறது. ஆனால் அதைச் சொல்ல, எதிரே நிற்பவரின் தொழிலை நாம் ஓரளவாவது கற்றிருக்க வேண்டும். இந்த வேலைக்கு வரும் இளையோரிடம் நான் முதலில் சொல்வது, அகழாய்வுக் குழியை அளக்கக் கற்பதற்கு முன் ஒரு சம உயர வரப்பை மட்டம் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான்.

இடைவெளியின் அளவை வட்டத்தின் வெளிக்கல்லிலிருந்து ஐந்து மீட்டருக்குக் குறையாமல் வைத்துக்கொள்கிறேன். வட்டங்களுக்கு நடுவே, மேலே எந்த அடையாளமும் இல்லாமல், இறந்தோரை இட்டுப் புதைத்த பெரும்பானைகளான தாழிகள் புதைந்திருக்கக்கூடும் என்பதால், வட்டங்கள் நெருக்கமாக உள்ள இடத்தில் தனித்தனியாக இடைவெளி கேட்காமல் முழுத் தொகுதியையும் விட்டுவிடக் கேட்பேன். வட்டத்தின் நேர்மேலே அகழி இருப்பதையும் தவிர்க்க வேண்டும். அதில் தேங்கும் நீர் கீழிறங்கிக் கல்லறையைச் சுற்றிய மண்ணை இளக்கும்.

அகழிகளை மட்டும் கவனித்துக்கொண்டிருந்த காலத்தில் இன்னொரு கேடு என் கண்ணுக்குத் தப்பியது. ஓடைகளின் குறுக்கே கற்களை அடுக்கித் தடுப்பு அமைப்பார்கள். அதற்குக் கல் வேண்டும். மதிப்பீட்டில் கல் 'அருகிலேயே கிடைக்கும்' என்று எழுதியிருக்கும். அருகில் கிடைக்கும் நல்ல கல், இரண்டு பேர் தூக்கக்கூடிய அளவில், ஏற்கெனவே பொறுக்கி வட்டமாக வைத்த கல்தானே! ஓர் ஊரில் நான் அகழிகளைச் சரிபார்த்துவிட்டு நிறைவோடு திரும்பிய வாரத்தில், ஓடையில் ஐந்து கல்தடுப்புகள் எழுந்தன. அடுத்த முறை போனபோது மூன்று வட்டங்கள் தரையில் வெறும் பள்ளங்களாக இருந்தன. தூக்கி வந்த பெண்கள், எங்கிருந்து எடுத்தோம் என்பதை ஒளிக்காமல் காட்டினார்கள். கற்களைத் திருப்பி வைப்பதில் பொருளில்லை. எந்தக் கல் எந்தப் பள்ளத்தில் எப்படி நின்றது என்பது போய்விட்டது. அன்றுமுதல் வேலைத் திட்டத்தில் கல் எடுக்கும் இடத்தையும் மண் எடுக்கும் இடத்தையும் பொக்லைன் நிற்கும், திரும்பும் பாதையையும் எழுத்தில் கேட்டு வாங்குகிறேன். வெட்டும் இடத்தைப் போலவே எடுக்கும் இடத்தையும் நடந்து பார்க்க வேண்டும்.

மரம் நடுவதிலும் இதே கவனம் தேவை. வட்டத்தின் நடுவில் கல் குறைவாக, மண் ஆழமாக இருப்பதால், குழி எடுப்பவர்கள் இயல்பாக அங்கேதான் கடப்பாரையை இறக்குகிறார்கள். வேம்போ புங்கமோ அங்கே வேர்விட்டால் இருபது ஆண்டுகளில் மூடுகல்லைத் தூக்கிவிடும். ஈமக்காட்டுக்கு ஏற்ற போர்வை புல்தான். மண்ணையும் பிடிக்கும், வேரும் ஆழமாகப் போகாது, ஆட்டுக்கும் உணவாகும். ஊரும் அந்த நிலத்தை மேய்ச்சல் நிலமாகவே வைத்திருக்க விரும்பும். சீமைக்கருவேலம் அகற்றும்போது பொக்லைனால் வேரோடு பிடுங்குவதே வழக்கமாகிவிட்டது. வெளியில் அது சரிதான். வட்டத்துக்குள் நிற்கும் மரத்தின் வேர் கல்லறைப் பலகையைச் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதால், பிடுங்கினால் பலகையும் சேர்ந்து வரும். தரையோடு அரிவாளால் வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க மீண்டும் வெட்டுவது மெதுவான வேலை. அதற்கு ஆள் கூலி வேண்டும், ஒரு முறை வெட்டிவிட்டுக் கணக்கை முடிக்க முடியாது. அந்தக் கூலியைத் திட்டத்தில் முதலிலேயே எழுதி வாங்கியது நான் செய்த பயனுள்ள காரியங்களில் ஒன்று என்று நினைக்கிறேன்.

ஏரிக்கரைகள் வேறு வகை. இந்தப் பகுதியில் நடுகற்கள் ஏராளம். செங்கம், தருமபுரிப் பகுதி நடுகற்கள் 1970-களில் பெருமளவில் கண்டறியப்பட்டு வெளியிடப்பட்டன. பல்லவர் காலத்தில், வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்துவடிவில், ஆநிரை கவர்ந்தபோது அல்லது மீட்டபோது பட்டவனின் பெயரைச் சொல்பவை அவற்றுள் பல. ஊர்மக்களுக்கு அவர் வேடியப்பன். ஏரிக்கரையைப் பலப்படுத்தும் ஒரு வேலையில், கரைச் சரிவில் பாதி புதைந்து சாய்ந்திருந்த வேடியப்பனை நிமிர்த்தி, சிமெண்ட் பீடம் கட்டி, வண்ணம் அடித்துக் கொடுக்க ஒப்பந்ததாரர் அன்போடு முன்வந்திருந்தார். பூசை செய்யும் பெரியவருக்கும் அதில் மகிழ்ச்சி. கல்லின் மேல் பல ஆண்டு எண்ணெயும் மஞ்சளும் ஏறியிருந்தன; அதன் மேற்புறத்தில் எழுத்து இருப்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை.

நான் பகலில் எதுவும் பேசவில்லை. இரவு ஏழு மணிக்கு வந்து, டார்ச் விளக்கைக் கல்லின் பக்கவாட்டில் தரையோடு ஒட்டிப் பிடித்துக் காட்டினேன். சாய்வெளிச்சத்தில் வரிகள் எழுந்தன. முதல் வரி, அரசன் பெயருக்கு முன் வரும் 'கோவிசைய' என்ற அடைமொழியோடு தொடங்கியது. நான் வாசித்துச் சொல்லச் சொல்லப் பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "எங்க அப்பாரும் நானும் இத்தனை வருசமா சும்மாவே கும்புட்டுக்கிட்டு இருந்தோமா, சாமி பேர் எழுதியே இருக்குதா?" என்று கேட்டார். வண்ணம் அடிக்கக்கூடாது, எழுத்துள்ள முகத்தில் சிமெண்ட் படக்கூடாது என்று நான் கேட்டுக்கொள்ளுமுன் அவரே சொல்லிவிட்டார். கல்லை நிமிர்த்துவதற்கு முன் இருந்த நிலையை நான்கு பக்கமும் படமெடுத்து, எழுத்தைத் தாளில் மைப்படி எடுத்து, அதே இடத்திலேயே, கரையை அகலப்படுத்தும் கோட்டுக்கு வெளியே இரண்டடி மட்டும் நகர்த்தி, கல்லின் அடி மண்ணிலேயே நிற்கும்படி நட்டோம். வழிபாட்டைக் கேடாகக் கருதுவோர் எங்கள் தொழிலில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கல்லை ஏரிக்கரையில் காவல் காக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக யாரையும் சம்பளத்துக்கு வைக்கவில்லை. கும்பிடுபவர்களே காத்தார்கள்.

எவ்வளவு நடந்து பார்த்தாலும் தரைக்குள் இருப்பது முழுவதும் தெரிந்துவிடாது. வேலையின் நடுவே ஏதாவது வெளிப்பட்டால் என்ன செய்வது என்பதை, வேலை தொடங்கும் நாள் காலையில், மண்வெட்டி எடுப்பவர்களிடமே நேரில் சொல்ல வேண்டும். மேற்பார்வையாளரிடம் தாளைக் கொடுத்துவிட்டு வருவது போதாது. நான் சொல்வது சில சொற்கள்தான். ஓடு ஒன்றிரண்டு வந்தால் எடுத்துத் தனியே வையுங்கள், எந்த அடியில் வந்தது என்று குச்சி நட்டு வையுங்கள். பானையின் வளைவு முழுதாகத் தெரிந்தாலோ, எலும்பு தெரிந்தாலோ, நிறுத்திக் கல் நட்டிருந்தாலோ, அந்தத் துண்டை விட்டுவிட்டு அடுத்த துண்டுக்குப் போங்கள். வேலை நின்றதற்காக அன்றைய கூலி குறையாது. இந்தக் கடைசி உறுதியைத் திட்ட அலுவலரின் வாயால் எல்லோர் முன்னும் சொல்லவைக்க வேண்டும். கூலி குறையும் என்ற அச்சம் இருக்கும்வரை எந்தத் தாழியும் அறிவிக்கப்படாது, மூடப்பட்டுவிடும்.

ஒருமுறை கசிவுநீர்க் குட்டை வெட்டுகையில் தாழி ஒன்றின் விளிம்பு வெளிப்பட்டது. மாலைக்குள் பக்கத்து ஊர்வரை 'தங்கப் பானை' என்று பேச்சு பரவிவிட்டது. இருட்டிய பிறகு மூன்று மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. ஊர்ப் பெரியவர்கள் இருவரும் தலையாரியும் நானும் இரவு முழுவதும் அங்கேயே படுத்திருந்தோம். மறுநாள் வட்டாட்சியருக்குத் தகவல் போய், தொல்லியல் துறையிலிருந்து அலுவலர் வந்து, எல்லோர் முன்னிலையிலும் விளிம்பைச் சுத்தம் செய்து பார்த்தார். மண்ணும் உடைந்த மூடியும்தான் மேலே இருந்தன. அதை எல்லோரும் பார்த்ததால்தான் பேச்சு அடங்கியது. மறைத்து வைத்திருந்தால் அடங்கியிருக்காது. அப்போது சட்டத்தையும் எடுத்துச் சொன்னோம்: 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கும் பொருள் 10 ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டதாக இருந்தாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

அந்தத் தாழியை எடுக்க அப்போது பணமும் இல்லை, ஆளும் இல்லை. எடுக்க வசதியில்லாதபோது மூடிக் காப்பதே சரி. அதற்கும் முறை உண்டு. வெளிப்பட்ட பகுதியை வரைந்து, அளவுகோலும் வடக்குக் குறியும் வைத்துப் படமெடுத்து, அதன்மேல் நைலான் சாக்கை விரித்து, சலித்த மணலை அரையடிக்கு இட்டு, அந்த ஆண்டு அச்சிட்ட நாணயம் ஒன்றைப் போட்டு, பிறகு தோண்டிய மண்ணாலேயே நிரப்பினோம். ஐம்பது ஆண்டுக்குப் பின் யாராவது முறையாகத் தோண்டினால், நாங்கள் எதுவரை பார்த்தோம், எப்போது மூடினோம் என்பதை அந்தச் சாக்கும் நாணயமும் சொல்லும். குட்டை வடக்கே பதினைந்து அடி நகர்ந்தது.

பட்டா நிலத்தில் வட்டம் இருந்தால் உரிமையாளருக்கு வரும் முதல் அச்சம், நிலம் போய்விடுமோ என்பது. அதிகாரத் தொனியில் பேசினால் அன்று இரவே கல் காணாமல் போகும். நான் உண்மையை அப்படியே சொல்லிவிடுவேன். நூறு மீட்டருக்குள் கட்டக்கூடாது, அதற்கப்பால் இருநூறு மீட்டர் வரை அனுமதி பெற வேண்டும் என்ற கட்டுப்பாடு, மத்திய அரசு பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த சின்னங்களுக்கு உரியது. பழங்காலச் சின்னங்கள் பற்றிய 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-ல் திருத்தமாக வந்தது. மாநில அரசுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அறிவிக்கப்படாத ஒரு வட்டம் உங்கள் கொல்லையில் இருப்பதால் மட்டும் யாரும் நிலத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை; எதிர்காலத்தில் அறிவிக்கவே மாட்டார்கள் என்று மட்டும் நான் வாக்குக் கொடுக்க முடியாது என்று சொல்வேன். இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடும்படி உடன் வந்தவர்கள் சிலர் அறிவுரை கூறியதுண்டு. விடாமல் சொன்னதால்தான் மறுமுறை போகும்போதும் எனக்கு மோர் கிடைக்கிறது.

மலையையும் நீரையும் பறவையையும் ஒரு கணக்கிலும், கல்லையும் எழுத்தையும் வேறு கணக்கிலும் வைக்கும் பழக்கமே இந்தத் துன்பங்களுக்கெல்லாம் வேர். மதுரைக்கு அருகே அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் சுமார் 193 ஹெக்டேர் நிலம் 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதுவே முதலாவது. அந்தக் குன்றுகளில் சுனைகளும் வல்லூறுகளும் இருக்கின்றன; அங்கேயே பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரைச் சொல்லும், தமிழி என்னும் பண்டைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டுள்ள சமணப் பள்ளியும், பாறையைக் குடைந்த சிவன் கோயிலும் இருக்கின்றன. அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024-ல் ஏலம் விடப்பட்டபோது, ஊர்மக்கள் குளத்தையும் கல்வெட்டையும் பிரித்துப் பேசவில்லை. 2025 சனவரியில் அந்த ஏலம் கைவிடப்பட்டது. என் கரட்டடி ஊர்களுக்கு அத்தகைய புகழ் கிடையாது. ஆனால் நீர்வடிப்பகுதித் திட்ட வரைபடத்தில் ஓடைக்கும் கிணற்றுக்கும் ஒரு குறியீடு இருப்பதுபோலக் கல்வட்டத்துக்கும் ஒரு குறியீடு இருக்கவேண்டும் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறேன். இரண்டு ஊர்களின் வரைபடங்களில் அது இப்போது இருக்கிறது.

முதலில் சொன்ன அந்த அகழிக்குப் போன ஆண்டு கோடைமழைக்குப் பின் மீண்டும் போனேன். உடைந்த பலகைக்கல்லின் அடிவரை நீர் நின்று, அதைச் சுற்றிய மண் கரைந்து, கல் இன்னும் ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது. பொறியாளரும் நானும் மட்டம் பார்த்தோம். வட்டத்தை அறுத்த பகுதியையும் இரு பக்கமும் ஐந்து மீட்டரையும் மூடிவிட்டால், கீழ்வரிசையில் ஒரு துண்டு கூடுதலாக வெட்டி அந்த நீரைப் பிடித்துக்கொள்ளலாம் என்று அவர் கணக்கிட்டார். பலகைக்கல்லுக்கு முட்டுக்கொடுத்து, பழைய வரப்பு மண்ணைச் சலித்து ஓடுகளைப் பொறுக்கிப் பையில் எண்ணிட்டு வைத்துவிட்டு, அந்த மண்ணாலேயே மூடினோம். என் பதிவேட்டில் அந்த வட்டத்துக்கு எண் 1. 'வடகிழக்குப் பகுதி அழிந்தது' என்ற பழைய குறிப்பின் கீழே, மூடிய நாளையும் கீழ்வரிசையில் வெட்டிய துண்டின் நீளத்தையும் எழுதிக்கொண்டேன்.